பத்துக்குப் பத்து அறையில் ஒரு கீர்த்தனை: வாய்ப்பாட்டையும் மிருதங்கத்தையும் வீட்டிலேயே பதிவு செய்து மிக்ஸ் செய்ய முழு வழிகாட்டி

வீட்டு ரெக்கார்டிங் பற்றித் தேடினால் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் டிரம்ஸ், கிடார், பாப் பாட்டு ஆகியவற்றை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. கிளிக் ட்ராக் (காதில் டிக் டிக் என்று தாளம் காட்டும் ஒலி) போடு, ஆளுக்கு ஆள் தனித்தனியாக எடு, சுருதித் திருத்தம் போடு, கம்ப்ரஸரை (ஓங்கிய ஒலியை அமுக்கும் கருவி) இறுக்கு என்பார்கள். இந்த நான்கையும் அப்படியே ஒரு தோடி ராகத்தின் மேல் ஏற்றினால் தோடி தாங்காது. நம் சங்கீதத்துக்கு மைக் வைக்கும் இடத்திலிருந்தே கணக்கு வேறு. அந்தக் கணக்கைப் பாட்டின் சுருதியும் தாளமும்தான் சொல்கின்றன.

எனவே ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு பாடகர், ஒரு மிருதங்கம், ஒரு தம்புரா, ஒரு சாதாரணப் படுக்கையறை. வயலின் எங்கே என்று கேட்பீர்கள். முதலில் இது கைக்கு வரட்டும்.

என்னென்ன வேண்டும்

இரண்டு மைக் செருகி அவற்றைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 வகையில் எதுவானாலும் சரி, கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் இருக்க வேண்டும். குரலுக்கு ஒரு கண்டென்சர் மைக். ஆடியோ டெக்னிகா ஏடி2020, ரோட் என்டி1 போன்றவை போதும். மிருதங்கத்துக்கு ஷ்யூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக். அப்புறம் இரண்டு ஸ்டாண்டு, இரண்டு எக்ஸ்எல்ஆர் கேபிள், ஒரு பாப் ஃபில்டர், காதை மூடும் ஹெட்போன் இரண்டு. இன்டர்ஃபேஸில் ஹெட்போன் துளை ஒன்றுதான் இருக்கும் என்பதால் இரண்டாகப் பிரிக்கும் சிறு கருவியும் வாங்கிவிடுங்கள். ஸ்டாண்டு பூம் கை உள்ளதாக இருக்கட்டும். நாம் தரையில் உட்கார்ந்து பாடுகிறவர்கள். கடையில் காட்டும் ஸ்டாண்டுகளோ நின்று பாடுகிறவர்களுக்குச் செய்தவை.

சாஃப்ட்வேருக்கு ரீப்பரைச் சொல்வேன். 60 நாள் இலவசமாகப் பார்த்துவிட்டு, சொந்த உபயோகத்துக்கு 60 டாலர் கட்டினால் போதும். மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்டு இலவசம். எது சிறந்தது என்ற சண்டையில் இறங்காதீர்கள். ஒலியை எழுதிவைக்கும் வேலையில் எல்லாம் ஒன்றுதான்.

டைனமிக் மைக் அறையின் சத்தத்தைப் பிடிக்காது என்று கடைக்காரர் சொல்வார். பாதி உண்மை. பெரும்பாலும் அதை வாய்க்கு மிக அருகில் வைத்துப் பாடுவதால்தான் அறை கேட்பதில்லை. மூன்றடி தள்ளி வைத்தால் அதுவும் அறையைப் பிடிக்கும்.

அறைதான் முதல் கருவி

நம் வீட்டு அறைகளில் பெரிய வில்லங்கம் பத்துக்குப் பத்து என்ற அளவு. உயரமும் பத்தடி என்றால் அது ஒரு கனசதுரம், ஒலிக்கு அதைவிட மோசமான வடிவம் கிடையாது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அகப்பட்ட ஒலி, அந்த நீளத்துக்குப் பொருந்தும் அதிர்வெண்களில் மட்டும் ஊதிப் பெருகும். பத்தடி என்பது சுமார் 3.05 மீட்டர். நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர். அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ் வரும். அதன் இரண்டு மடங்கு 114. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று என்பதால் மூன்று திசையும் சேர்ந்து அதே இடத்தில் முழங்கும்.

இதில் நமக்கென்ன? உங்கள் பாடகர் ஒன்றரைக் கட்டையில் (கட்டை என்பது பாடகரின் ஆதார சுருதி அளவு) பாடுகிறார் என்று வையுங்கள். அவருடைய மத்திய ஸட்ஜம் சுமார் 138.6 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே மந்தரத்தில் சதுஸ்ருதி தைவதம் ஏறக்குறைய 116. அறை முழங்கும் 114-க்குப் பக்கத்து வீடு! சங்கராபரணத்தில் அவர் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தைவதம் மட்டும் பானைக்குள் பாடியது போல வரும். கேட்பவர் பாடகரைக் குறை சொல்வார். குற்றவாளி சுவர்.

பாடகரை அறையின் நட்ட நடுவிலோ மூலையிலோ உட்கார வைக்காமல் இருப்பது முதல் வைத்தியம். ஒரு சுவரிலிருந்து மூன்றரை அடி, பக்கச் சுவரிலிருந்து நான்கடி என்று ஒழுங்கு தப்பிய ஓரிடத்தைத் தேடுங்கள். பாடகரை மந்தர ஸ்தாயியில் மெல்ல மேலும் கீழும் பாடச் சொல்லி, நீங்கள் மைக் இருக்கப்போகும் இடத்தில் காதை வைத்துக் கேளுங்கள். எங்கே எல்லா ஸ்வரமும் ஒரே கனத்தில் கேட்கிறதோ அதுதான் இடம். அரை மணி நேரம் ஆனாலும் செய்யுங்கள். பின்னால் எந்த ப்ளக்இன்னும் (சாஃப்ட்வேருக்குள் சேர்க்கும் ஒலிக் கருவி) இதைத் திருப்பித் தராது.

அடுத்தது துணி. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டாதீர்கள். அது ஒன்றுக்கும் உதவாது. ஓர் அங்குல ஃபோமும் உச்ச ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அதைத் தூக்கி நிறுத்துங்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் இன்னும் கீழே உள்ள ஒலிகளையும் வாங்கிக்கொள்ளும். செலவு செய்ய மனம் இருந்தால் நான்கு அங்குல ராக்வூல் பலகையைத் துணி சுற்றி மூலைகளில் நிறுத்தலாம்.

மெத்தையை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் அரைவட்டமாக ஃபோம் வைத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். நாம் வாங்கிய மைக் கார்டியாய்டு வகை. முன்னால் வருவதை நன்றாக வாங்கும், முதுகுப்பக்கம் வருவதை வெகுவாகத் தள்ளிவிடும். அது நேராகப் பார்த்துக்கொண்டிருப்பது பாடகரையும், பாடகருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். மெத்தை வேண்டியது பாடகரின் முதுகுக்குப் பின்னால்.

அறையில் இரும்பு பீரோ இருந்தால் கவனம். என் அறையில் மந்தர பஞ்சமம் பாடும்போதெல்லாம் ஒரு கிர்ர் சத்தம் வந்தது. மைக், கேபிள், இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை போன பிறகுதான் பீரோக் கதவின் கைப்பிடி கண்ணில் பட்டது. மடித்த கைக்குட்டை ஒன்றில் தீர்ந்தது.

நேரமும் மின்சாரமும்

மின்விசிறியும் ஏசியும் நின்றே ஆக வேண்டும். ஆகையால் விடியற்காலை நாலரை முதல் ஆறரை வரை நல்ல நேரம். ஆறரைக்கு மேல் பால் வண்டி, குக்கர் விசில், கோயில் ஒலிபெருக்கி. கோடையில் குயில் அதற்கும் முன்பே ஆரம்பித்துவிடும், அதை ஒன்றும் செய்ய முடியாது.

இயர்போனில் ஒரு ங்ங்ங் கேட்கிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த ஓசையும் அதன் மடங்குகளும்தான் அது. முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல தடவை அதோடு முடிந்துவிடும். இல்லையென்றால் ப்ளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். மலிவான இன்வெர்ட்டரில் ஓடும்போது பதிவு செய்ய வேண்டாம். பக்கத்து அறை ஃபேன் ரெகுலேட்டரும் சில வீடுகளில் இரையும்.

முதுகோடு முதுகாக இரண்டு மைக்

பாடகரைத் தனியாக, மிருதங்கக்காரரைத் தனியாக எடுப்பதா, சேர்த்து எடுப்பதா? சேர்த்துத்தான். பாடகர் ஒரு சங்கதியை (ஒரே வரியை வேறு வேறாகப் பாடும் வகை) நீட்டினால் மிருதங்கம் அடங்கும். அனுபல்லவி எடுக்கும் முன் கண்ணால் ஒரு பேச்சு நடக்கும். ஆளுக்கு ஒரு நாள் வந்து பதிந்தால் இது போய்விடும். கிளிக் ட்ராக்கும் வேண்டாம். காலப்பிரமாணம் நிற்கிறதா என்று தொடையில் விழும் கை பார்த்துக்கொள்ளும்.

சிக்கல், ஒருவர் சத்தம் மற்றவர் மைக்கில் புகுவது. கார்டியாய்டின் முதுகுதான் இதற்கு விடை. இருவரும் எதிரெதிரே உட்காருங்கள். நடுவில் இரண்டு மைக்கும் முதுகோடு முதுகாக நிற்கட்டும். பாடகரைப் பார்க்கும் மைக்கின் முதுகு மிருதங்கத்துக்கு, மிருதங்கத்தைப் பார்க்கும் மைக்கின் முதுகு பாடகருக்கு. இருவரும் முகம் பார்த்துக்கொள்ளலாம், சத்தமும் பிரியும்.

தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு மைக் தன் ஆளிடமிருந்து எவ்வளவு தூரமோ, அதைப் போல மூன்று மடங்காவது அடுத்த மைக் அவரிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும். குரல் மைக் வாயிலிருந்து ஒரு சாண். மிருதங்க மைக் வாத்தியத்திலிருந்து ஒன்றரை அடி. இரண்டு மைக்குக்கும் நடுவே மூன்றடி. கூட்டிப் பாருங்கள்: மிருதங்கத்திலிருந்து குரல் மைக் நாலரை அடி, கணக்கு சரியாக வருகிறது. மொத்தம் ஐந்தேகால் அடிக்குள் அடங்குவதால் பத்தடி அறை தாங்கும். இருவர் முதுகுக்குப் பின்னாலும் ஒவ்வொரு மெத்தை, கீழே கெட்டியான ஜமக்காளம்.

குரல் மைக் வாய்க்கு நேராக வேண்டாம், மூக்கின் உயரத்தில் வைத்து வாயை நோக்கிச் சற்றே சாயுங்கள். வெடித்து வரும் காற்று அதன் கீழே போய்விடும். தமிழில் பாடும்போது இது பெரிதாகத் தெரியாது. தெலுங்கு, சமஸ்கிருத கிருதிகளில் வரும் காற்றோடு வெடிக்கும் அழுத்தமான ப (pha, bha) ஒலிகள்தான் மைக்கை அடிக்கும், பாப் ஃபில்டர் அதற்கு. பக்கவாட்டில் பாடும் வகை மைக் என்றால் எது முகம் என்று பார்த்துவிடுங்கள். நான் முதல் தடவை ஒரு முழு வர்ணத்தையும் மைக்கின் முதுகைப் பார்த்துப் பாட வைத்து, சாயங்காலம்தான் கண்டுபிடித்தேன்.

மிருதங்கத்துக்கு ஒரு மைக் என்றால் நடு உடலுக்கு நேராக, சற்று உயரத்திலிருந்து கீழே பார்த்தபடி. வலந்தலை (வலப்பக்க முகம்) மட்டும் கணீரென்று கேட்டு, தொப்பியின் (இடப்பக்க முகம்) கும்கி என்ற கனத்த நாதம் காணவில்லை என்றால், மைக்கை நான்கு விரல் அளவு தொப்பிப் பக்கம் நகர்த்துங்கள். நகர்த்துவது விரல் கணக்கில்தான், அடிக் கணக்கில் இல்லை.

தம்புராவை மைக்குக்குள் விடாதீர்கள்

பழக்கதோஷத்தில் சுருதிப் பெட்டியை அறையில் ஓடவிட்டுப் பாடுவோம். பதிவில் அது கூடாது. பல்லவியை ஒரு டேக்கிலிருந்தும் (டேக் என்பது ஒரு முறைப் பதிவு) சரணத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டும்போது, மைக்கில் ஏறிய தம்புராவின் மீட்டு நடுவே அறுந்து துள்ளும். ஒட்டிய இடம் எல்லோருக்கும் கேட்கும். தம்புராவைத் தனி ட்ராக்கில் வைத்து ஹெட்போனில் மட்டும் கொடுங்கள். பாடகர் ஒரு காதை மட்டும் மூடிக்கொள்ளட்டும், தன் குரலும் மிருதங்கமும் மறு காதில் நேராகவே கேட்கும். லேட்டன்ஸி என்று எல்லோரும் புலம்பும் தாமதமும் நம்மை அண்டாது, ஏனென்றால் யாரும் கம்ப்யூட்டர் வழியாகத் தன் குரலைக் கேட்கவில்லை.

மிருதங்கத்தை அறைக்குள் கொண்டுவந்து கால் மணி நேரம் கழித்துச் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். ஏசி அறையிலிருந்து புழுக்கத்துக்கு வந்த தோல் இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு டேக்குக்கு ஒரு முறை நிறுத்தி, விசிறி போட்டு, தண்ணீர் குடித்து, சுருதி பார்த்து, மறுபடி விசிறியை நிறுத்துங்கள்.

பதிவு

ப்ராஜெக்ட்டை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். கெயின் (மைக் ஒலியை ஏற்றும் அளவு) வைக்கும்போது பாடகரைத் தார ஸ்தாயியின் உச்சத்தைப் பாடச் சொல்லுங்கள், மிருதங்கத்தில் கோர்வையின் கடைசி ஆவர்த்தனத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அப்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகே நின்றால் போதும். உண்மையான டேக்கில் இருவருமே இதைவிட ஓங்கித்தான் போவார்கள். 24 பிட்டில் மெல்லப் பதிந்ததை ஏற்றிக்கொள்ளலாம். மேலே முட்டி உடைந்ததைச் சேர்க்க முடியாது.

ரெக்கார்டை அழுத்தியதும் முப்பது விநாடி யாரும் அசையாமல் வெறும் அறையைப் பதியுங்கள். இடைவெளிகளை நிரப்ப அது உதவும். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் வாயால் எண் சொல்லுங்கள். முழுக் கீர்த்தனையாக மூன்று டேக், அதற்கு மேல் சந்தேகம் உள்ள இடங்களை மட்டும். ஐந்தாவது டேக்கில் எல்லாம் சரியாக இருக்கும், பாவம் (பாட்டின் உணர்ச்சி) மட்டும் வீட்டுக்குப் போயிருக்கும்.

வெட்டி ஒட்டுவது

இரண்டு ட்ராக்கையும் ஒரு குரூப்பாகக் கட்டிவிட்டு வெட்டுங்கள். ஒருவர் சத்தம் மற்றவரில் கொஞ்சம் கலந்திருப்பதால் ஒன்றை மட்டும் வெட்டினால் பேய் போல இன்னொரு குரல் எட்டிப் பார்க்கும். வெட்டுவதற்கு நல்ல இடம், தீர்மானம் என்ற முடிவுக் கோவை முடிந்து, தாளத்தின் தொடக்கமான சமத்தில் விழும் அடிக்குச் சற்று முன். அந்த அடியே ஒட்டை மறைத்துவிடும். 10 மில்லி விநாடி அளவுக்கு கிராஸ்ஃபேடு (ஒன்று மெல்ல மறைய மற்றது மெல்ல எழும் ஒட்டு) கொடுங்கள். மூச்சு விடும் சத்தத்தை அழிக்காதீர்கள், பெரிதாக இருந்தால் 6 டெசிபல் குறையுங்கள்.

மிக்ஸ்: முதலில் ஃபேடர் மட்டும்

ஒரு ப்ளக்இன்னும் போடாமல், ஒலி அளவை ஏற்றி இறக்கும் ஃபேடரை மட்டும் வைத்து, மோனோவில், மெல்லிய ஒலியில் ஆரம்பியுங்கள். நம் காது ஒலி கூடக் கூடத் தாழ்ந்த ஓசைகளை அதிகமாகக் கேட்கும். 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது இது. ஓங்க வைத்து மிக்ஸ் செய்தால் தொப்பி போதும் போதும் என்று தோன்றும், மெல்லக் கேட்கிறவருக்கு அது இருக்காது. தம்புராவை, இருப்பது தெரியும் வரை ஏற்றி, அதிலிருந்து ஒரு மயிரிழை இறக்குங்கள்.

மிருதங்க ட்ராக்கில், ஒலி அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். எந்த நிலையில் தொப்பி கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஸ்டீரியோ: குரல் நடுவில், மிருதங்கம் நடுவிலிருந்து சற்றே ஒரு பக்கம், தம்புரா அகலமாக.

ஈக்யூ: சுருதியைக் கேட்டு வெட்டு

குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது ஈக்யூ. குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். யார் குரலில்? ஒன்றரைக் கட்டைக்காரரின் மந்தர பஞ்சமம் 104 ஹெர்ட்ஸ். 100-இல் வெட்டினால் அதன் அடிவயிற்றில் கை வைக்கிறோம். அவருக்கு 70 போதும். ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண் குரலுக்கு மந்தர பஞ்சமம் ஏறக்குறைய 156. அங்கே 110 வரை தாராளமாகப் போகலாம். முதலில் கட்டையைக் கேளுங்கள், ஸட்ஜத்தின் ஹெர்ட்ஸைக் கண்டுபிடியுங்கள், முக்கால் மடங்கு போடுங்கள். அதற்குக் கீழேதான் கத்தி.

அறை முழக்கம் கொஞ்சம் மிச்சம் இருந்தால் 114 பக்கத்தில் குறுகலாக 3 டெசிபல் குறையுங்கள். டப்பாவுக்குள் பாடியது போல இருந்தால் 300 முதல் 500 வரை தேடிப் பாருங்கள்.

மிருதங்கத்தில் ஒரு எச்சரிக்கை. டிரம்ஸ் பாடங்களில், ரீங்கரிக்கும் அதிர்வெண்ணைத் தேடி அறுத்தெறி என்பார்கள். சாதாரணத் தோலின் மேலோசைகள் (அடிப்படை ஓசைக்கு மேலே எழுபவை) ஒன்றோடொன்று சேராதவை, அதனால் அங்கே அது சரி. மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை இருக்கிறது. அந்தக் கருப்புப் பூச்சுதான் மேலோசைகளை ஒத்திசைவான மடங்குகளாக மாற்றுகிறது என்பதை சி.வி. ராமன் 1920-லேயே எழுதினார். ஆக அந்த ரீங்காரம் உங்கள் ஸட்ஜத்தோடு சேர்ந்த நாதம். அதை அறுத்தால் மிச்சம் இருப்பது மரக்கட்டை.

கம்ப்ரஸர், ரீவெர்ப், சுருதித் திருத்தம்

நிரவல் (ஒரு வரியை விரித்துப் பாடுவது) மெல்ல ஏறி உச்சத்துக்குப் போக வேண்டும். கம்ப்ரஸரை இறுக்கினால் ஏணியின் எல்லாப் படியும் ஒரே உயரமாகிவிடும். முதலில் ஃபேடர் ஆட்டோமேஷனில் சங்கதி சங்கதியாக ஒன்றிரண்டு டெசிபல் ஏற்றி இறக்குங்கள். சலிப்பான வேலைதான், ஒரு கீர்த்தனைக்கு ஒரு சாயங்காலம் போகும். அதன் பிறகு 2:1 விகிதத்தில், உச்சத்தில் மட்டும் 3 டெசிபல் அமுக்கும்படி ஒரு கம்ப்ரஸர். ஸ, ஷ காதைக் குத்தினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை டீ-எஸ்ஸர்.

ரீவெர்ப் (பெரிய கூடத்தின் எதிரொலி போன்றது) தனி ட்ராக்கில். ஒன்றரை விநாடி நீளம், 25 மில்லி விநாடி முன்தாமதம், 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. குரலும் தம்புராவும் அதில் கொஞ்சம் நனையட்டும், மிருதங்கத்துக்குச் சொட்டு போதும். சபா ஹால் போல வேண்டும் என்று நீளத்தைக் கூட்டினால் மேல்காலத்தில் வரும் சொற்கள் எல்லாம் கஞ்சியாகிவிடும்.

சுருதித் திருத்தும் ப்ளக்இன்னைத் தானியங்கியாக ஓடவிடாதீர்கள். பியானோவின் பன்னிரண்டு கட்டைகளில் ஒன்றில் குரலை உட்கார வைப்பது அதன் வேலை. தோடியின் காந்தாரமோ ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருப்பது. ப்ளக்இன் அந்த ஆட்டத்தைப் பிழை என்று நினைத்துப் படிக்கட்டாக்கிவிடும். ஒரு நீண்ட ஸட்ஜம் மட்டும் இறங்கியிருந்தால் கையால் அதை மட்டும் தொடுங்கள். அதைவிட அந்த வரியை மறுபடி பாட வைப்பது நல்லது.

வெளியே அனுப்புவது

ஃபோன் ஸ்பீக்கரில், காரில், மலிவான இயர்போனில் கேளுங்கள். ஃபோனில் தொப்பி கேட்காது, அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே போக முடியாது. அதற்காகத் தாழ் ஓசையைக் கூட்டிவிட்டுக் காரில் போய்த் திடுக்கிடாதீர்கள். கொஞ்சம் சாச்சுரேஷன் போட்டால் தொப்பியின் மேலோசைகள் எழும்பி ஃபோனிலும் அது இருப்பது தெரியும்.

ஒலி அளவைப் பொறுத்தவரை ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸையும் (காதுக்குப் படும் சராசரி ஒலி அளவு) ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16-ஐயும் இலக்காக வைத்திருக்கின்றன. யூடியூப் ஓங்கியதைக் குறைக்கும், மெலிந்ததை ஏற்றாது. நம் பாட்டுக்கு மைனஸ் 16-க்குப் பக்கத்தில் நின்று, உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் லிமிட்டர் வைத்தால் எல்லா இடத்துக்கும் பொருந்தும். 24 பிட் வேவ் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், எம்பி3 நண்பர்களுக்கு அனுப்ப மட்டும்.

கோப்பின் பெயரில் ராகம், கட்டை, தேதி மூன்றும் இருக்கட்டும். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொரு பிரதி. மைக் ஸ்டாண்டுகளின் கால்கள் நின்ற இடத்திலும் இருவரும் உட்கார்ந்த இடத்திலும் தரையில் ஒட்டிய டேப்பை மட்டும் உரிக்காதீர்கள். அடுத்த வாரம் பாடகர் ஃபோன் செய்வார். சரணத்தில் ஒரே ஒரு வரி மறுபடி பாடணும் என்பார்.